மூன்று ஊர்களில் பிறந்த கார்கள்

பழைய கார் என்றதும் மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1964-ல் டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழங்கார் ஊர்வலத்தைத் தொடங்கிய நாள் முதல் அத்தகைய வண்டிகளுக்கு ஒரு தனி மரியாதை ஏற்பட்டுவிட்டது. அவற்றைப் பராமரிக்கப் பணமும் ஆட்களும் உண்டு. ஆனால் நம் போன்ற குடும்பங்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஏறிப் போனவை வேறு. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய இம்மூன்றும் தெருவெங்கும் ஓடியதாலேயே, இவற்றையும் ஒருநாள் காப்பாற்ற வேண்டி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று இவற்றில் ஒன்றைச் செப்பனிட்டு ஓட்டுகிற அன்பர், தம்மை அறியாமலேயே நம் நாட்டுத் தொழில் சரித்திரத்தின் ஒரு பகுதியைக் காத்து வருகிறார்.

சுதந்திரத்துக்கு முன் இங்கு ஓடிய கார்கள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றது. 1953-ல் அரசாங்கம் கொள்கையை மாற்றியது. இங்கேயே பாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கே இனி அனுமதி என்றாயிற்று. அந்நியக் கம்பெனிகள் மூட்டை கட்டின. பிறகு சுமார் முப்பது வருஷம் இந்தியச் சாலைகளை ஆண்டவை மூன்று ஊர்களின் ஆலைகளே.

முதலாவது, கல்கத்தாவுக்கு அருகே உள்ள உத்தர்பாரா. பிர்லா குடும்பத்தினர் 1942-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் அம்பாசடரைக் கொண்டுவந்தது. 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. இரண்டாவது, பம்பாய் குர்லா. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1954 முதல் பியட் 1100 வண்டியைத் தயாரித்தது. அதே வண்டிதான் 1970களில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. பம்பாய் டாக்சி என்றாலே பத்மினிதான் என்றிருந்த காலம் 2023 அக்டோபரோடு முடிந்தது.

மூன்றாவது ஆலை சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல் கொணர்ந்த ஹெரால்டு, இத்தாலிய நிபுணர் மிக்கெலோட்டி வடிவமைத்த பிரிட்டிஷ் காரின் இந்தியப் பிறப்பு. இங்கிலாந்தில் அது இரண்டு கதவு வண்டி. குடும்பத்தோடு போகும் நம்மவர் வசதிக்காக நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1980களின் இறுதியில் அந்த ஆலையும் மூடப்பட்டது.

1980 வரை மூன்று ஆலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 கார்களைக்கூடத் தொடவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை யாரும் லேசில் தூக்கி எறியவில்லை. ஒரே கார் தகப்பனாரிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. இன்று எஞ்சியுள்ள வண்டிகளுக்கு அந்தச் சிக்கனமே முதல் காப்பு.

கோயிலில் ஜீர்ணோத்தாரணம் செய்யும்போது பழுதுபட்டதை மாற்றுவார்கள், மூலத்தைக் குலைக்க மாட்டார்கள். கார் விஷயத்திலும் அதுவே நியதி. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் கழற்றி எடுத்து, சட்டத்தின் துருவை நீக்கிவிட்டு மீண்டும் பூட்டலாம். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதால் இன்ஜின் வேலை சுலபம். அம்பாசடரும் பியட்டும் அப்படியல்ல. அவற்றில் பாடியே சட்டம். அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் பலமே போய்விடும். எனவே பெயின்ட் அடிக்குமுன் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பதே முதல் வேலை.

அடுத்தது, வருஷத்துக்கு ஏற்ற பாகம் தேடுவது. 1950களின் பியட்டில் முன்கதவு எதிர்த்திசையில் திறக்கும். அம்பாசடரில் மார்க் 1, மார்க் 2, மார்க் 3 ஒவ்வொன்றுக்கும் முன்புற கிரில் வேறு. சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி, கல்கத்தா மல்லிக் பஜார் என்று ஊர் ஊராக அலைந்து சரியான கிரில்லையோ விளக்கு வளையத்தையோ கண்டெடுப்பதில் உள்ள ஆனந்தம், அலைந்தவர்களுக்கே தெரியும்.

எரிபொருள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. இப்போது கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டுக்கொள்வது அவசியம். இதற்கெல்லாம் மேலாக, ஸ்டியரிங் தண்டில் உள்ள கியரின் இணைப்புகளைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் அருகி வருகிறார்கள். உதிரிபாகத்தைச் செய்துகொள்ளலாம், கைப்பழக்கத்தைச் செய்துகொள்ள முடியாது. அவர்கள் இருக்கும்போதே, பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். 2021-ல் மத்திய அரசு பழங்கார்களுக்கென்று தனி விதி செய்தது. 50 வயது கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிக்குப் புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். இப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

ஐம்பதைத் தொட்டவைக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. ஐம்பதைத் தொடாதவற்றின் பாடுதான் திண்டாட்டம். 1985-ல் வாங்கிய பத்மினி 2035 வரை இந்த விதிக்குள் வராது. டெல்லி வட்டாரத்தில் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மற்ற இடங்களில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று பெற்றுப் புதுப்பிக்கலாம். ஆனால் ரூ.600 ஆக இருந்த கட்டணம் 2022-ல் ரூ.5,000 ஆயிற்று. 2025-ல், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அது ரூ.10,000 ஆக உயர்ந்தது. புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாதம் இருமுறை வெளியே வரும் வண்டியையும் தினமும் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் வைத்தால், ஐம்பது வயதை எட்டப் பத்மினி மிஞ்சாது.

எனவே நம் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் இத்தகைய கார் நின்றிருந்தால் ஆர்.சி. புத்தகம், வாங்கிய ரசீது, பழைய இன்ஷூரன்ஸ் தாள் எதையும் கிழித்துப் போடாதீர்கள். தகுதிச் சான்று காலாவதி ஆகுமுன் புதுப்பியுங்கள். வாரம் ஒரு முறை இன்ஜினை ஓட விடுங்கள். வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால், எடைக்குப் போடாமல் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் ஒருவருக்கு எல்லாக் காகிதங்களோடும் கொடுங்கள். கிடைக்கும் தொகை சற்றுக் குறைந்தாலும், அந்த வண்டி இன்னும் ஒரு தலைமுறைக்குச் சாலையில் இருக்கும்.