திருப்பூர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் எஃகுக் காப்பு: பூச்சின் உமிழ்வை எதைக் கொண்டு அளப்பது?

எஃகு அரிப்பு என்றதும் நம் கவனம் கடற்கரைக்கே போகிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் பாலிசிலாக்சேன் பூச்சு பரவலாகப் பேசப்பட்டது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருப்பூரில் எஃகு படும் பாடு பேசப்படுவதில்லை. அங்கே குறை உமிழ்வுப் பூச்சுகளைத் தேர்வதற்கான அளவுகோலே மாற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். டப்பாவிலுள்ள கரைப்பான் எவ்வளவு என்பதோடு நிற்காமல், ஒரு சதுர மீட்டர் எஃகை ஓராண்டு காக்க எத்தனை கிராம் கரைப்பான் காற்றில் கலக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறை இல்லாமல் அவை இயங்க முடியாத நிலை வந்தது. பருத்தியில் சாயம் ஏறச் சேர்க்கும் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் இப்போது ஆற்றுக்குப் போகாமல், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆவியாக்கிகளில் செறிகின்றன. உப்புநீர் கசியும் இடங்களில் நடைமேடையும் குழாய்த் தாங்கிகளும் கடலோர எஃகைப் போலவே அரிபடுகின்றன. துரு முதலில் தலைகாட்டுவது ஆங்கிள்களின் விளிம்பிலும் வெல்டிங் கோட்டிலும் போல்ட்டின் அடியிலும்தான். ஈரமான பெயின்ட் கூர்விளிம்பிலிருந்து பின்வாங்கிவிடுவதால், தட்டையான பரப்பில் 100 மைக்ரான் இருக்கும் படலம் விளிம்பில் மெலிந்துவிடுகிறது. விளிம்புகளுக்குத் தனியாக ஒரு கை பிரஷ் ஓட்டுவது இதனால்தான் அவசியம்.

சைலீன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன; அதற்கு முன்பே பெயின்டரின் நுரையீரலை எட்டிவிடுகின்றன. ஆகவே உமிழ்வைக் குறைத்தே தீர வேண்டும். கனஅளவில் 50 விழுக்காடு திடப்பொருள் கொண்ட எப்பாக்சி, 100 மைக்ரான் உலர் தடிமனில், சேதாரம் நீங்கலாக லிட்டருக்கு 5 சதுர மீட்டர் பரவும். ஆவியாகும் கரைப்பான் சுமார் 430 கிராம். அதாவது சதுர மீட்டருக்கு 86 கிராம். திடப்பொருள் 80 விழுக்காடானால் பரப்பு 8 சதுர மீட்டர். உமிழ்வு ஏறத்தாழ 22 கிராம். நான்கில் ஒரு பங்குதான். ஆனால் முன்னது 8 ஆண்டு நின்று பின்னது 2 ஆண்டில் உரிந்தால், இரண்டும் ஆண்டுக்கு 11 கிராம் என்று சமமாகிவிடும். கிடைத்த ஆதாயம் அத்தனையும் போய்விடும்.

பூச்சின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது பரப்பைத் தயார்செய்யும் வேலை. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினாலும் குழிகளில் குளோரைடு தங்கிவிடும். அது படலத்தின் ஊடாக நீரை இழுத்துக் கொப்புளமாக்கும். எனவே நன்னீரால் கழுவி, உப்பைச் சோதித்து, அதன்பின் கூர்மணிகளை விசையோடு வீசும் கிரிட் பிளாஸ்டிங் செய்வதே முறை. கரைப்பானுக்குப் பதில் பெரும்பாலும் நீரைக் கொண்ட நீர்வழிப் பூச்சுக்குக் கண்டிப்பு இன்னும் அதிகம்: எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் எளிதில் ஆவியாகாது, ஈர எஃகு உடனே செந்துரு பூக்கும். புதுக் கட்டுமானத்தில், தொட்டியில் முக்கக்கூடிய உறுப்புகளுக்கு, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் தோய்க்கும் கால்வனைசிங் கரைப்பானே இல்லாத வழி. அமிலம் படும் இடத்தில் அதன்மேல் காப்புப் பூச்சு வேண்டும்.

இதற்கெல்லாம் சிறு பட்டறைகளுக்கு வசதி ஏது என்ற கேள்வி நியாயமானது. பதில் கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்க இயலாத சாயப்பட்டறைகள் சேர்ந்து பொது நிலையம் அமைத்தன. அதேபோல் தொழிற்பேட்டைதோறும் மூடிய கூடத்தில் பிளாஸ்டிங்கும் பூச்சும் செய்யும் பொதுக் களம் அமையலாம். சிலிக்கா மணலை வெட்டவெளியில் வீசித் தொழிலாளருக்கு நுரையீரல் நோய் வருவிக்கும் வழக்கமும் அதோடு ஒழியும்.

பெயின்ட்டின் நச்சு கரைப்பானோடு முடிவதில்லை; ஈயமும் உண்டு. அங்கே சட்டமும் முன்னே வர வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் கட்டுப்படுத்தின. தொழிற்சாலைப் பெயின்ட் அந்த வரம்புக்குள் வரவில்லை. சட்டம் மாறும்வரை காத்திராமல், சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் டெண்டரிலேயே ஈயமின்மை, உப்புச் சோதனை, விளிம்புப் பூச்சு, உலர் தடிமன், உத்தரவாத ஆண்டுகள் ஆகியவற்றை நிபந்தனையாக்கலாம். மலிவான லிட்டரைத் தேடும் கொள்முதல் அப்போது நீடிக்கும் காப்பைத் தேடத் தொடங்கும்; உமிழ்வும் அதோடு குறையும்.