காற்றைக் குடிக்கும் மீன்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று சென்னையின் மேற்குப் புறநகர்களில் எந்த வண்ண மீன் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தவறாது. பெரிய கண்ணாடித் தொட்டிகளில் தங்கமீன்கள் கூட்டமாகத் திரிய, முன்வரிசைப் பலகையில் உள்ளங்கையளவுப் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தனியாக ஓர் ஆண் சண்டை மீன். நூல்கள் அதை 'பெட்டா' என்கின்றன. கடைக்காரர்களுக்கு அது 'ஃபைட்டர்'. 'மோட்டார் வேண்டாம், தொட்டி வேண்டாம், டம்ளரிலேயே இருக்கும் சார்' என்பது அதை விற்கும் வாக்கியம். அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒரு நீண்ட வரலாறும் ஒரு பெரும் பிழையும் ஒருங்கே அடங்கியுள்ளன.

இம்மீனின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. கோடையில் வற்றிச் சூடேறும் வயல் நீரிலும் குட்டையிலும் பிற மீன்கள் திணறி மடிய, இவ்வுறுப்புள்ளவை பிழைத்துக்கொள்கின்றன. இவற்றின் வரலாற்றையே இவ்வுறுப்பு எழுதியது என்றால் மிகையாகாது.

அவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று தமிழகக் கரையில்தான் எழுதப்பட்டது. 1791இல் தரங்கம்பாடியில் பணியாற்றிய தால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, குளத்தருகே ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைக் கண்டதாகப் பதிவு செய்தார். 1797இல் லண்டன் லின்னேயன் கழகம் அக்குறிப்பை அச்சிட்டது. பறவை கொண்டுபோய் வைத்த மீனாக இருக்கலாம் என்று பின்னாளில் ஐயுற்றவர்களும் உண்டு. ஆனால் நம் மக்கள் அம்மீனுக்கு வைத்திருக்கும் பெயரே பனையேறிக் கெண்டை. அது சண்டை மீனுக்குத் தூரத்து உறவு.

நெருங்கிய உறவு ஒன்றும் நம்மிடம் உண்டு. தமிழகத்தின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் ஏரி ஓரத்துப் புல்லிடுக்குகளிலும் வாழும், விரலளவுகூட இல்லாத ஒரு பழுப்பு மீன். பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே 1831இல் அதை விவரித்தபோது 'குப்பானுஸ்' என்று பெயர் சூட்டினார். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றின் பெயரில் பாதி அதில் ஒலிக்கிறது. உலக விலங்கியல் நூல்களிலெல்லாம் ஒரு தமிழ் ஊர்ப்பெயரைச் சுமந்து திரியும் இச்சிறுமீனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சண்டை மீனைப் போலவே இதன் ஆணும் நுரைக்கூடு கட்டுகிறது. முட்டைகளைக் காவல் காக்கிறது. கொசுப்புழுக்களையும் தின்கிறது.

சண்டை மீனோ சயாம் நாட்டுக்காரன். அங்கே அதன் பெயருக்குக் 'கடிக்கும் மீன்' என்று பொருள். பந்தயம் கட்டி மோதவிடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். மனிதர் அதை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்கிறது 2022இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு. 1840ஐ ஒட்டி சயாம் மன்னர் மூன்றாம் ராமா பரிசளித்த சில மீன்கள், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் தியோடர் கேன்டரிடம் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. 1849இல் கேன்டர் அதைப் பினாங்கு மீன் ஒன்றின் வகையாகக் கருதி, 'சண்டைக்கார' என்று பொருள்படும் பெயரின் கீழ் சேர்த்தார். அது தனி இனமே என்று கண்ட ஆங்கிலேய அறிஞர் ரீகன், 1910இல் 'ஒளிமிக்க' என்று பொருள்படும் பெயரைத் தந்தார். ஏட்டில் சண்டை நீங்கி ஒளி ஏறிற்று. 2019இல் தாய்லாந்து அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

ஆசிய மீன்கள் ஐரோப்பிய வரவேற்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்ததிலும் அந்த மடிப்புறுப்புக்குப் பங்கு உண்டு. 1869இல் பாரிஸின் கார்போனியே சீனத்திலிருந்து வந்த சொர்க்க மீனைப் பெற்று இனம்பெருக்கினார். அதுவும் இதே குடும்பம். நீண்ட கப்பல் பயணத்தில், கெட்டுப்போன நீரில், காற்றைக் குடிக்கத் தெரிந்தவை தாக்குப்பிடித்தன.

சென்னைக்கு மீன் பார்க்கும் பழக்கம் புதிதன்று. 1909லேயே மெரினாவில் மக்களுக்காக ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. பின்னாளில், பழைய புத்தகம் தேடி மூர் மார்க்கெட்டுக்குப் போனவர்கள் கிளிகளையும் வளர்ப்பு மீன்களையும் கடந்தே நடந்தார்கள். 1985இல் அக்கட்டடம் எரிந்துபோனது. இன்று வண்ண மீன் என்றதும் நினைவுக்கு வருவது அம்பத்தூருக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கொளத்தூர். வீட்டுப் புழக்கடையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் பெருக்கிய எளிய குடும்பங்களின் உழைப்பால் வளர்ந்த சந்தை அது. திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் வரை அதன் பண்ணைகள் பரவின. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்குக் கடும் விதிகளை வகுத்து, அதே ஆண்டு நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வணிகர்களின் வயிற்றுப்பாடு தப்பியது. டப்பாவும் தப்பியது.

டப்பா என்பது ஆண் மீன்கள் ஒன்றையொன்று குதறாமல் கொண்டுசெல்வதற்கான ஏற்பாடு. வழிப்பயணத்துக்கான கலம் வாழும் வீடாகிவிட்டதுதான் பிழை. காற்றைக் குடிக்கும் மீனும் தன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவிலிருந்து தப்ப முடியாது. சிறு கலத்தில் அந்த நிறமற்ற நஞ்சு விரைவில் சேர்கிறது. தாக்குப்பிடிப்பதும் வாழ்வதும் ஒன்றல்ல.

பதினைந்து இருபது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி, மெல்ல ஓடும் வடிகட்டி, ஒதுங்கிக்கொள்ளச் சில செடிகள், ஓர் ஆண் மட்டும்: இவ்வளவே அது கேட்பது. 25 முதல் 28 பாகை வெப்பத்தைச் சென்னை பெரும்பாலும் இலவசமாகவே தருகிறது. குழாய் நீரின் குளோரினை நீக்கிவிட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். துள்ளக்கூடிய மீனாதலால் மூடி வேண்டும். மூடிக்கும் நீருக்கும் இடையே மூச்சு வாங்க இடமும் வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் ஏரியில் விட்டுவிடக் கூடாது. தொட்டியில் பாசி தின்ன வாங்கிய 'சக்கர்' மீன், வெளியேறி நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதைக் கண்டோமே.

அந்த ஏரிகளைப் பற்றியும் ஒரு சொல். கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீருக்காக அவ்வூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். டப்பாவில் மீனுக்கு நேர்வதே பெரிய அளவில் ஏரிக்கும் நேர்கிறது. மிகக் குறைந்த உயிர்வளியிலும் பிழைக்கும் இனங்கள் சில காலம் தாங்கும். அவை தாங்குவதைக் கண்டு, நீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வோம். அரியாங்குப்பத்தின் பெயர் தாங்கிய அந்தப் பழுப்பு மீனுக்குக் கடையில் விலை இல்லை. அதைக் காப்பதற்குத் தொட்டியும் தேவையில்லை. அதன் வாய்க்கால் மிஞ்சினால் போதும்.