ஊரை வகுத்தவன் கொடுத்த நோய்

"சேரி ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்கிறார்கள். சேரியை வகுத்தது யார்?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் எங்க அம்மாயி பகலில் அரைச்சொம்புத் தண்ணிக்கு மேல் குடிக்க மாட்டாள். எங்க தெருவில் கக்கூஸ் இல்லை, ஒதுங்க இருட்டணும். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்ததுதான் மிச்சம்.

பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லோருக்கும் என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார் இரட்டைமலை சீனிவாசன். 1927இல் அம்பேத்கர் மகாத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மானத்துக்கான அந்தப் போராட்டங்கள் உடம்புக்கான போராட்டங்களும்தான்.

அதற்குப் பிறகும் 1989இல் மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் சுவர் எழுந்தது. சாலைக்குப் போக ஜனங்கள் சுற்றி நடந்தார்கள். 2008இல்தான் சுவரில் வழி திறந்தது.

கைகழுவப் பாடம் நடத்த வருகிறவர்களே, முதலில் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறதென்று பாருங்க.