திங்கட்கிழமை இருமல்

அகமதாபாத்துக்கு வந்த புதிதில், ஆபீஸ் போகிற வழியில் உயரமான புகைபோக்கிகளைப் பார்ப்பேன். புகை வராது. மூடிப்போன பஞ்சாலைகள் என்றார்கள். இங்கே முதல் மில் ஓட ஆரம்பித்தது 1861இல். கோயமுத்தூர்க்காரனுக்கு அதைப் பார்த்தால் அப்பா ஞாபகம் வராமல் இருக்குமா?

அப்பா மில்லில் கார்டிங்கில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கு என்பார். பிற்பாடு எல்லா நாளும் அப்படித்தான். விடிகாலையில் அவர் சளி துப்புகிற சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். "பீடியை விட்டுத் தொலைங்க" என்று அம்மா சத்தம் போடுவார். பீடி மட்டும்தான் காரணம் என்று நாங்களும் நம்பினோம்.

இந்த இருமலுக்கு வயது 300க்கு மேல் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நார் சீவுகிறவர்கள் தூசியால் இருமி அவதிப்படுவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இல் வந்த தன் நூலிலேயே எழுதிவிட்டார். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், நெஞ்சு இறுக்கம் வாரத்தின் முதல் வேலைநாளில் மட்டுமா, மற்ற நாட்களிலுமா என்று கேட்டே நோயைத் தரம் பிரித்தார். நோயின் பெயர் பிஸ்ஸினோசிஸ்.

சளி நமக்கு எதிரி இல்லை. மூச்சுக்குழாயில் மெல்லிய படலமாக இருந்து தூசியைப் பிடிக்கும். அடியில் உள்ள நுண்மயிர்கள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். ஆனால் வருஷக்கணக்கில் தூசி போனால் சளி சுரக்கும் செல்கள் பெருகும், சுரப்பிகள் வீங்கும். நாள்பட்ட சளி நோயில் சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதை அளக்க 1960இல் லின் ரீட் ஒரு கணக்கே தந்தார். பஞ்சுத்தூசியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா நச்சு வேறு சேர்ந்துகொள்கிறது.

நம் நாட்டிலும் இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்தான். தொழில்சார் நோய்களை ஆராயும் தேசிய நிறுவனம் 1966 முதல் இதே அகமதாபாத்தில்தான் இருக்கிறது. ஆனால் முற்றிய பிறகு பார்த்தால் இதற்கும் சாதாரண நாள்பட்ட சளிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்பாவின் சீட்டில் எழுதியிருந்தது 'நாள்பட்ட சளி' மட்டுமே. ஒரு பைசா இழப்பீடு வரவில்லை.

நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அதே ராமஸ்ஸினி. அப்பாவிடம் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. ஊரில் உங்கள் வீட்டுப் பெரியவர் இருமினால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.