குறிப்பேடும் நியாயஸ்தலமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மின்னணு மருத்துவப் பதிவேடுகளைப் பற்றி எழுகின்ற வழக்குகளையும் விவாதங்களையும் கவனிப்போர், அவையெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த தொல்லைகள் என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். ஆனால் காகிதத்தின் காலத்திலேயே அவற்றுக்கு வித்து விழுந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மின்னசோட்டா மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் மேயோ சகோதரர்கள் நடத்திவந்த வைத்தியசாலையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒவ்வொரு வைத்தியரும் தமக்கென்று ஒரு பேரேடு வைத்துக்கொண்டு, அன்றன்று வந்தவர்களைப் பற்றி வரிசையாக எழுதிவந்தார். ஆகவே முன்பு வந்துபோன நோயாளி மறுபடியும் வந்தால், அவருடைய பூர்வ விருத்தாந்தம் எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று தேடுவதே ஒரு தனி உத்தியோகமாயிற்று. 1901-ல் அங்கு வந்து சேர்ந்த ஹென்றி பிளம்மர் என்னும் வைத்தியர், மேபெல் ரூட் என்ற அம்மையாரின் உதவியோடு, 1907-ல் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். ஒரு நோயாளிக்கு ஓர் எண். அந்த எண்ணுக்கு ஓர் உறை. யார் பரிசோதித்தாலும், யார் அறுவை செய்தாலும், எழுதியதெல்லாம் அந்த உறைக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். ஏற்பாடு எளியதுதான். ஆயினும், அதுவரை வைத்தியரின் சொந்த ஞாபகத்துக்குத் துணையாக இருந்த குறிப்பு, அன்று முதல் ஸ்தாபனத்தின் உடைமையாகி, எழுதியவரல்லாத பிறர் கண்ணுக்கும் உரியதாயிற்று.

பிறர் பார்க்கத் தொடங்கினால் சோதனையும் பின்னாலேயே வந்துவிடும். அமெரிக்க அறுவை வைத்தியர் சங்கம் 1917-ல் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைந்தபட்ச லட்சணங்கள் சிலவற்றை வகுத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் பூரணமான குறிப்பு இருக்க வேண்டும் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. நூறு படுக்கைகளுக்குக் குறையாத 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்ததில், தேறியவை 89 மட்டுமே. தேறாதவற்றுள் கீர்த்தி பெற்றவையும் இருந்தமையால், பத்திரிகைக்காரர் கையில் சிக்காதபடி சோதனை முடிவுகளின் ஜாபிதாவை நியூயார்க் ஹோட்டலொன்றின் அடுப்பில் போட்டு எரித்தார்கள் என்பது பிரசித்தமான செய்தி. குறிப்பு எழுதச் சொன்னவர்களே தங்கள் குறிப்பைக் கொளுத்தியதை எண்ணிச் சிரிக்கலாம். ஆனால் எழுதியது நமக்கே எதிர்ச்சாட்சியாகும் என்ற அச்சம், இன்றும் வைத்தியர்களை விட்டு நீங்கவில்லை.

லாரன்ஸ் வீட் என்னும் வைத்தியர் 1968-ல், குறிப்பை நோயாளியின் பிரச்சினைகள் வாரியாக அமைத்தால் வைத்தியரின் சிந்தனையும் ஒழுங்குபடும் என்று வாதித்து, பிறகு வெர்மான்ட்டில் அதையே கம்ப்யூட்டரில் ஏற்ற முயன்றார். அரிய முயற்சி, ஆனால் ஊர் அதைப் பின்பற்றவில்லை. பணம் போடுகிறவர் வைத்தியர், பயன் பெறுகிறவர்களோ காப்பீட்டாரும் பிறருமாக இருந்தபடியால், தனி வைத்தியர்கள் காகிதத்தையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இதற்கிடையில் சட்டம் தன் பங்குக்கு வந்தது. 1996-ல் நிறைவேறிய ஹிப்பா சட்டமும், 2003 முதல் அதன்படி அமலுக்கு வந்த ரகசியக் காப்பு விதிகளும், நோயாளியின் விவரத்தை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லலாகாது என்பதை வரையறுத்ததோடு, தம் குறிப்பின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்கும் அளித்தன. கம்ப்யூட்டரில் யார் எதைத் திறந்தார் என்பதைக் கண்காணிக்கும் வசதி வேண்டும் என்று பாதுகாப்பு விதிகள் கூறின. அந்த வசதியே நியாயஸ்தலத்தில் சாட்சியாக மாறியது. காகிதக் காலத்தில் மசியையும் கையெழுத்தையும் வைத்து வாதாடிய வக்கீல்கள், இப்போது எந்த நிமிஷத்தில் எந்த வரி திருத்தப்பட்டது என்று இயந்திரத்தையே கேட்கலாயினர்.

வேறொரு சிக்கலும் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அக்கம்பக்கத்து வைத்தியர்களுக்குப் பதிவேட்டு மென்பொருளை இனாமாகக் கொடுத்தால், நோயாளிகளைத் தன்னிடம் அனுப்புவதற்குக் கொடுத்த லஞ்சமாக அது கருதப்படக்கூடும். ஆகையால் 2006-ல் விதிவிலக்கு அளித்தபோதும், செலவில் நூற்றுக்குப் பதினைந்து பாகத்தை வைத்தியரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள்.

2009-ல் ஹைடெக் சட்டம் பணப்பையைத் திறந்தது. மின்னணுப் பதிவேட்டைப் பயனுறக் கையாளும் வைத்தியருக்கு, முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் வழியாக 44,000 டாலர் வரை சன்மானம். கையாளாதவருக்கு 2015 முதல் கட்டணத்தில் வெட்டு. 2008-ல் பத்தில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிகளில்கூட இல்லாத பதிவேடு, 2015-ல் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் குடிபுகுந்தது. அவசரத்தில் வாங்கிய சரக்கின் தரம் எப்படியிருக்கும் என்பதற்கு, ஈகிளினிக்கல்வொர்க்ஸ் கம்பெனியின் விவகாரம் ஒன்றே போதும். அரசாங்கச் சோதனையில் கேட்கப்படும் மருந்துக் குறியீடுகளை மட்டும் மென்பொருளில் பதித்துவைத்து, கேள்வித்தாளை முன்கூட்டியே அறிந்த மாணவனைப்போல் தேர்ச்சி பெற்றது என்பது அரசாங்கத்தின் குற்றச்சாட்டு. 2017-ல் சுமார் 15 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்தி அக்கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

சன்மானத்தைக் காட்டி அவசரப்படுத்தியது பிழை என்றே சொல்வேன். இயந்திரங்கள் வந்தன; ஒன்றோடொன்று பேசவில்லை. வீட் விரும்பிய சிந்தனை ஒழுங்கைவிடக் கட்டணச் சீட்டின் ஒழுங்கே அவற்றில் மேலோங்கியது. தகவலை நியாயமின்றித் தடுப்பதை விலக்கும் சட்டத்தை 2016-ல் இயற்றி, அதற்குரிய விதிகளை 2021 ஏப்ரல் 5 முதல் அமல்படுத்த வேண்டியதாயிற்று.