நிற்குமிடத்தின் கலை: பனோரமா முதல் சென்சொராமா வரை

கதையைப் பார்வையாளரின் எதிரே வைக்காமல், அவரையே அதன் நடுவில் நிறுத்தி, கண், காது, மூக்கு, தோல் என எல்லாப் புலன்களின் வழியாகவும் அதை உணரச் செய்யும் கலைவடிவம் இன்று அமிழ்வு அனுபவம் எனப்படுகிறது; அதைத் திட்டமிடுபவர் அனுபவ வடிவமைப்பாளர் என்று அழைக்கப்படுகிறார். கணினியும் தலையில் மாட்டிக்கொள்ளும் திரைக்கருவியும் வந்த பிறகே பிறந்த தொழிலாக இது பலராலும் கருதப்பட்டாலும், அதன் அடிப்படை உத்திகளுள் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட காட்சிக்கூடங்களில் உருவாகி முதிர்ந்தவை. 1787 முதல் 1962 வரையிலான அந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்கும்போது, ஒரு காட்சி எத்தனை புலன்களைத் தொட்டது என்பதைக் காட்டிலும், பார்ப்பவரை எந்த இடத்தில் நிறுத்தியது என்பதே அதன் வலிமையையும் பொருளையும் தீர்மானித்தது என்பது தெளிவாகும்.

அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் உருவப்பட ஓவியராக வாழ்ந்த ராபர்ட் பார்க்கர், 1787 ஜூன் 19 அன்று ஒரு காப்புரிமையைப் பெற்றார். வட்டமான உட்சுவர் முழுவதும் 360 பாகையும் இடைவெளியின்றிச் சுற்றிவரும் ஒரே ஓவியம் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. பின்னர் பனோரமா என்று பெயர் பெற்றதும் இதுவே. தட்டையான பரப்புக்கு வகுக்கப்பட்ட தொலைவுக்காட்சி விதிகளின்படி வரையப்பட்ட நேர்க்கோடு, திரையை வளைத்த மாத்திரத்தில் வளைந்து தோன்றும் என்பதால், அந்தப் பிழையை முன்கூட்டியே ஈடுசெய்து வரையும் முறையை அவர் வகுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆவணத்தில் ஓவியத்துக்கு இணையாகக் கட்டடமும் இடம்பெறுகிறது: வெளிச்சம் மேலிருந்து மட்டுமே விழ வேண்டும், ஓவியத்தின் மேல்விளிம்பு பார்ப்பவரின் கண்ணில் படாதபடி மேலே ஒரு மறைப்பு வேண்டும், யாரும் சுவரை நெருங்காதபடி நடுவில் தடுப்புடன் கூடிய மேடை வேண்டும், ஓவியத்தில் கதவு திறக்கக் கூடாது என்பதால் மேடைக்குக் கீழிருந்தே ஏறிவர வேண்டும். சட்டத்துக்குள் அடங்கிய ஓவியத்தைப் பார்ப்பவர் அதன் அருகிலுள்ள சுவரையும் சாளரத்தையும் கண்டு, ஓவியம் ஓவியமே என்று உணர்ந்துகொள்வார். அப்படி ஒப்பிட்டுப் பார்க்க எதையும் விட்டுவைக்காத ஏற்பாட்டையே பார்க்கர் காப்புரிமையாகப் பதிந்துகொண்டார்.

இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றது, கட்டடக் கலைஞர் ராபர்ட் மிட்செல் வடிவமைக்க, 1793இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் திறக்கப்பட்ட வட்டக் கட்டடத்தில்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காட்சி வட்டங்களைக் கொண்டிருந்த அக்கட்டடத்துக்குள் நுழைந்தவர், முதலில் இருண்ட நடைவழியைக் கடந்து படியேறியாக வேண்டும்; தெருவின் வெளிச்சமும் நிறங்களும் கண்ணைவிட்டு நீங்குவதற்கு அந்த இருட்டு நேரம் கொடுத்ததால், மேடைக்கு வந்ததும் கூரைக் கண்ணாடி வழியே ஓவியத்தின்மீது பரவிய மிதமான ஒளிகூட உண்மையான பகலாகத் தோன்றியது. அங்கே முதலில் காட்டப்பட்டது ஸ்பிட்ஹெட் துறையில் அணிவகுத்த பிரிட்டிஷ் கடற்படை. மேடையே ஒரு போர்க்கப்பலின் தளமாக அமைக்கப்பட்டிருந்தது. அதைக் காண வந்த அரசி சார்லட்டுக்குக் கடல் மயக்கம் வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. மேடையில் எந்த அசைவும் இல்லாத நிலையில் இப்படி ஒரு பேச்சு எழுந்தது, நிற்குமிடத்தைத் திருத்தியமைப்பதன் விளைவை அக்காலத்தவர் எவ்வளவு வலுவாக உணர்ந்தனர் என்பதைக் காட்டுகிறது.

பார்வையாளரைக் காட்சியின் நடுவில் நிறுத்துவது என்றால் ஏதோ ஒரு பக்கத்தில் நிறுத்துவது என்றும் பொருள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்ட மறு ஆண்டே, ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் அக்கோட்டைத் தாக்குதலைச் சுமார் 120 அடி நீளமுள்ள அரைவட்டத் திரையில் வரைந்து லண்டனின் லைசியம் அரங்கில் காட்சிக்கு வைத்தார். அதைக் காணத் திரண்ட கூட்டம் கோட்டையைத் தாக்கிய படையின் பக்கம் நின்றே அப்போரைப் பார்த்தது. இதே பகைமையின் மறுபக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையில் இருந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780இல் கர்னல் பெய்லியின் படை ஹைதர் அலி, திப்பு ஆகியோரிடம் தோற்றதைத் திப்பு அம்மாளிகையின் மேற்குச் சுவரில் தீட்டச் செய்திருந்தார். அச்சுவரின் முன் நின்றவருக்குப் பிரிட்டிஷ் படை சிக்கித் திணறும் கூட்டம். லைசியத்தில் நின்றவருக்கோ அது வெற்றியை நோக்கி ஏறும் அணி.

போர்க்களங்களைப் போலவே தொலைதூர நகரங்களும் திரைக்கு வந்தன. 1790களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்து வரைந்த வில்லியம் டேனியல், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இ. டி. பாரிஸ் என்ற ஓவியருடன் சேர்ந்து சென்னை நகரின் பனோரமாவைத் தீட்டினார். அந்தப் பாரிஸ் இதற்கு முன்பே இத்துறையின் மாபெரும் முயற்சியை முடித்தவர்: புனித பவுல் பேராலயத்தின் கோபுர உச்சியில் பழுதுபார்ப்புக்காகக் கட்டிய சாரத்தில் இருந்துகொண்டு தாமஸ் ஹார்னர் வரைந்த குறிப்புகளை, 1829இல் திறக்கப்பட்ட ரீஜண்ட்ஸ் பூங்காக் கொலோசியத்தில் 40,000 சதுர அடிக்கும் மேற்பட்ட ஓவியமாக விரித்தவர் அவர். படியேற விரும்பாதவர்களை உச்சி மேடைக்கு ஏற்றிச் செல்ல அங்கே ஓர் ஏறும் அறையும், அதாவது இன்றைய மின்தூக்கியின் முன்னோடியும், அமைக்கப்பட்டிருந்தது.

பனோரமாவின் குறை, அதில் காலம் நகராமல் இருந்தது. அதை நிறைவு செய்ய முயன்றவர், பின்னாளில் ஒளிப்படக் கலைக்கு வழிவகுத்த லூயி டகேர். பூட்டோன் என்ற ஓவியருடன் இணைந்து 1822 ஜூலையில் அவர் பாரிஸில் திறந்த டயோரமாவில், ஒளி ஊடுருவும் துணியில் சுமார் 22 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட காட்சிகள் வரையப்பட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் விழும் வெளிச்சம் திரைகளாலும் நிறக் கண்ணாடிகளாலும் மெல்ல மாற்றப்பட்டது. ஒரு காட்சி முடிந்ததும் பார்வையாளர் எழுந்து செல்ல வேண்டியதில்லை. அரங்கமே அவர்களைச் சுமந்தபடி சுழன்று அடுத்த காட்சியை நோக்கித் திரும்பும். 1834இல் துணியின் இருபுறமும் வெவ்வேறாக வரையும் முறையை அவர் கையாண்டபோது, பகலில் வெறிச்சோடிக் கிடந்த தேவாலயம் படிப்படியாக இருண்டு, மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டு, நள்ளிரவு வழிபாட்டுக்கு வந்த மக்களால் நிரம்பியது. உடன் ஆர்கன் இசையும் ஒலித்தது. டயோரமாக் கட்டடம் 1839 மார்ச்சில் தீக்கிரையானது.

நெப்போலியனின் படையில் பணியாற்றிய ழான்-சார்ல் லாங்லுவா இன்னொரு திசையில் சென்றார். 1827இல் நடந்த நவரினோ கடற்போரை 1831இல் பாரிஸில் பனோரமாவாக்கிய அவர், அப்போரில் பங்கேற்ற சிபியோன் என்ற கப்பலின் பின்தளத்தையே கொண்டுவந்து பார்வையாளர் மேடையாக்கி, காற்றோட்டக் கருவிகளால் கடற்காற்றையும் வீசச் செய்தார். மேடைக்கும் ஓவியத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை உண்மையான பொருள்களால் நிரப்பி, பொருள் எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று கண் பிரித்தறிய முடியாதபடி செய்யும் பொய்த்தரை என்ற உத்தி அவருக்குப் பிறகு பனோரமாவின் பொது இலக்கணமாயிற்று. அதன் செம்மையான எடுத்துக்காட்டு நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 1881 முதல் காட்சியில் இருக்கும் மெஸ்டாக் பனோரமா. விரைவில் வெட்டி அழிக்கப்படவிருந்த ஸ்கெவனிங்கன் மணற்குன்றின் மேல் ஒரு கண்ணாடி உருளையை நிறுவி, அதனுள் இருந்தபடியே சுற்றுப்புறத்தைக் கண்ணாடியின்மேல் வரைந்துகொண்ட ஹென்றிக் வில்லெம் மெஸ்டாக், மனைவி சீன்ட்யே உள்ளிட்ட ஓவியர்களின் துணையுடன் அதை 14 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 120 மீட்டர் சுற்றளவும் கொண்ட திரைக்கு மாற்றினார். ஓவியத்தின் அடியில் மெய்யான கடல் மணல் கொட்டப்பட்டுள்ளது. வெளியே மேகம் சூரியனை மறைக்கும்போது உள்ளே வரையப்பட்ட கடலும் மங்குகிறது.

1900இன் பாரிஸ் உலகக் கண்காட்சியில் புலன்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது. யூகோ தாலேசி அமைத்த மாரெயோராமாவில், பயணிகள் ஒரு நீராவிக் கப்பலின் தளத்தில் நிற்க, இருபுறமும் தலா 750 மீட்டர் நீளமுள்ள திரைகள் உருளைகளிலிருந்து விரிந்து, வில்லெபிரான்ஷிலிருந்து கான்ஸ்டான்டினோப்பிள் வரையிலான கடற்பயணத்தைக் காட்டின. தளம் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடியது; கடற்பாசியின் ஊடே செலுத்தப்பட்ட காற்று உப்பு வாடையுடன் முகத்தில் மோதியது; மாலுமி வேடமிட்டவர்கள் தளத்தில் வேலை செய்தனர். அதே கண்காட்சியின் சைபீரிய ரயில் காட்சியிலோ, நிற்கும் ரயில் பெட்டிக்கு வெளியே நான்கு அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடின: மணலும் கல்லும் ஏந்திய அருகிலுள்ள பட்டை மிக விரைவாகவும், தொலைவிலுள்ள ஓவியத்திரை மிக மெதுவாகவும் நகர்ந்ததால், உண்மையான ரயில் சாளரத்தில் தோன்றும் இயக்கம் அப்படியே கிடைத்தது.

இத்தகைய காட்சிகளுக்கு இடமும் பணமும் ஏராளமாகத் தேவைப்பட்டன. அதே பயண உணர்வைத் திரைப்படம் மலிவாகத் தரத் தொடங்கியதும், 1880களில் ஐரோப்பிய நகரங்கள்தோறும் எழுந்த வட்டக் கட்டடங்கள் வேறு பயன்பாடுகளுக்குச் சென்றன. ஓவியங்களுள் மிகப் பல அழிந்தன. 1952இல் மூன்று படக்கருவிகளும் 146 பாகை வளைதிரையும் கொண்டு பிரெட் வாலர் உருவாக்கிய சினிரமா, பழைய வட்டத்தில் ஒரு பகுதியைத் திரையரங்குக்குள் மீட்டது. அதைக் கண்டு ஊக்கம் பெற்ற மோர்ட்டன் ஹைலிக், 1962இல் சென்சொராமா என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் மட்டும் அமர்ந்து முகத்தை உள்ளே நுழைத்துப் பார்க்கும் அந்தப் பெட்டி, புரூக்ளின் தெருக்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுபவத்தை முப்பரிமாணப் படம், அதிரும் இருக்கை, காற்று, மணம் ஆகியவற்றால் தந்தது. முதலீடு செய்ய எவரும் முன்வராததால் அது சந்தைக்கு வராமலே நின்றது. பார்க்கரின் மேடையில் ஒரு கூட்டமே நின்ற இடத்தில், ஹைலிக் தனிமனிதரை அமர்த்தினார். இன்றைய தலைக்கருவிகள் பின்பற்றுவது அந்த அமைப்பையே.

மணமும் அசைவும் சேர்த்த மாரெயோராமா அக்கண்காட்சியைத் தாண்டி நிலைக்கவில்லை. மணலும் பகல் வெளிச்சமும் மட்டுமே துணைநிற்கும் மெஸ்டாக் பனோரமா ஒரு நூற்றாண்டைக் கடந்தும் பார்வையாளரை ஈர்க்கிறது. புகழ்பெற்ற ஓவியங்களைச் சுவர்களெங்கும் ஒளியால் விரிக்கும் இன்றைய கூடங்கள் பலவற்றில் வாசலும் தரையும் பிற பார்வையாளரும் மறைக்கப்படாமல் நிற்பதால், பார்ப்பவர் அலங்காரத்தின் நடுவில் இருப்பதாக உணர்கிறாரே அன்றி வேறோர் இடத்தில் இருப்பதாக உணர்வதில்லை. பார்க்கர் எழுப்பிய கேள்விகளை, அதாவது எவ்வழியே உள்ளே வருவது, எதைப் பார்க்க விடாதிருப்பது, காலடியில் என்ன இருப்பது என்பவற்றை, அவை எழுப்பாமல் விட்டதன் விளைவு அது. யாருடைய பக்கத்தில் நிறுத்துவது என்ற நான்காவது கேள்வியும் இவற்றுடன் சேர்ந்ததே. 1800இல் லைசியத்துக்கு வந்தவர்கள் கேட்கத் தேவையில்லாதிருந்த அக்கேள்வியை, எல்லாத் தரப்பினரும் பார்வையாளராக வரும் இக்காலத்தில் எந்த வடிவமைப்பாளரும் தவிர்க்க இயலாது.