காணொளித் தொகுப்புக்கும் விளையாட்டுக்குமான கணினி: பாகத் தெரிவு
இரு வேலைகளுக்கும் ஒரே கணினியைக் கட்டுவோர் முதலில் தடுமாறுவது செயலியில்தான். காணொளியை ஏற்றுமதி செய்யப் பல கோர்கள் உதவும். விளையாட்டுக்கோ சில வேகமான கோர்களும் பெரிய கேஷ் நினைவகமும் முக்கியம். 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி, 96 எம்பி எல்3 கேஷால் விளையாட்டில் சிறந்தது. ஆனால் 8 கோர்களே. 2023இன் ரைசன் 9 7950எக்ஸ்3டி, 16 கோர்களில் பாதிக்குக் கூடுதல் கேஷ் தந்து இரண்டையும் இணைத்தது.

கேமரா பதியும் கோப்பு வகையைப் பார்த்த பிறகே கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, கேமரா பதிவது 10 பிட் 4:2:2 எச்.265 காணொளி என்றால், அதை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி இன்டெலின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளின் உள்ளிணைந்த கிராபிக்ஸிலேயே உண்டு. என்விடியாவின் விளையாட்டுக் கார்டுகளில் அது 2025இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ரேம் 32 ஜிபிக்குக் குறையாதிருப்பது நல்லது.